ராத்தா எழுதிய சுல்தான்

எல்லாப் புகழும் படைத்தவனுக்கே. தந்தவன் அவன், தன்னிடம் திரும்ப அழைத்துக்கொண்டவனும் அவனே. எங்கள் ராத்தா, என் உடன்பிறந்த அக்கா, எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. ஆண்டு ஃபாத்திஹாவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களின் கையில் இந்த மலரைக் கொடுக்கிறேன். நெய்ச்சோறு உண்ட களைப்பில் புரட்டுகிறவர்கள் பாதியில் முகம் சுளித்து மூடிவைத்தாலும் எனக்கு வருத்தமில்லை. நல்லதை மட்டும் எழுதும்படி மூன்று வீட்டிலிருந்து எனக்கு ஆள் வந்தது. ராத்தாவைப் பற்றி எழுத என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. கெட்டதெல்லாம் எங்களைப் பற்றியது.

ராத்தா மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டு இஞ்சிக் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் வாடகை வீட்டில் பிறந்தவர். கீழக்கரையிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் கொச்சிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வாப்பா கிடங்கில் மூட்டை எடைபோட்டவர். ராத்தாவுக்குப் பதினைந்து, எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது வாப்பா மவுத்தானார். உம்மா இத்தாவில், கைம்பெண் வெளியே வராத அந்த மாதங்களில், உட்கார்ந்திருந்தபோதே ராத்தா எழுதுகோலைக் கையில் எடுத்துவிட்டார். மவுலிது ஏடுகள், கல்யாணப் பாட்டுகள், துஆக்கள் என்று அறபு எழுத்தில் நகலெடுத்துக் கொடுப்பார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற கையெழுத்து. அந்தக் கையெழுத்துதான் எங்கள் அடுப்பை எரித்தது. அதுவே அவருக்கு எமனாகவும் வந்தது.

வாப்பாவின் அண்ணன், எங்கள் பெரியவாப்பா, குடும்பத்தின் சஜராவை வைத்திருந்தார். சஜரா என்றால் வம்சாவளி எழுதிய பெரிய காகிதம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேரரில் தொடங்கி, கிளை கிளையாக இறங்கி எங்கள் வரைக்கும் வரும். நபிகுலத்து வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட குடும்பங்கள் பல தேசங்களில் அரியணை ஏறியது ஊரறிந்த செய்தி. மொரோக்கோவில் இன்றும் ஆள்கிறார்கள். கொமொரோத் தீவுகளில் ஆண்டார்கள், போர்னியோக் கரையிலும் ஆண்டார்கள். அப்படிக் கிழக்கே ஒரு தீவை ஆண்ட சுல்தானின் மகன் கப்பலேறிக் கீழக்கரைக்கு வந்தார், அவர் வாரிசுகளே நாம் என்பது பெரியவாப்பாவின் சொல். "நம்ம வீட்டு சாயா கிளாசுல கீறல் இருக்கலாம், நம்ம ரத்தத்துல கீறல் கெடையாது" என்பார்.

சஜராவுக்குச் சில வழக்கங்கள் உண்டு. பெண்களின் பெயரை அதில் எழுதுவதில்லை. ஆண் வாரிசு இல்லாமல் முடிந்துபோன கிளைக்குக் கீழே சிறிய வட்டம் ஒன்று போடுவார்கள். கொச்சி மழையில் காகிதம் பூஞ்சை பிடித்துப்போகும் என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிதாக நகலெடுக்க வேண்டும். பழையதில் புனிதமான பெயர்கள் இருப்பதால் கிழிப்பதும் எரிப்பதும் ஆகாது. காயல் தண்ணீரில் மை கரைந்துபோகும்வரை அலசிவிடுவார்கள். ஆகவே எந்தக் காலத்திலும் உலகத்தில் ஒரே ஒரு சஜராதான் இருக்கும். அதில் இருப்பதே வம்சம்.

ராத்தாவுக்குப் பதினெட்டு வயதில் அந்த வேலை முதல்முறை வந்தது. பழைய காகிதத்தில், கீழக்கரைக்கு வந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் வியாபாரி என்று மட்டும் இருந்ததாம், மேலே எந்தக் கிளையோடும் சேராமல். பெரியவாப்பா ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, அதில் உள்ளபடி சுல்தானின் மகன் என்று எழுதச் சொன்னார். "பழசுல அப்படி இல்லியே பெரியவாப்பா?" என்று ராத்தா கேட்டார். "அன்னைக்கு எழுதுனவன் அவசரத்துல விட்டுட்டான். நீ எழுது மோளே" என்று பதில் வந்தது. வாப்பா இல்லாத வீட்டுப் பெண் பெரியவரை எதிர்த்துப் பேசுவாளா? எழுதினார். பழையது காயலில் கரைந்தது.

ராத்தாவுக்கு வேண்டிய மையும் காகிதமும் எர்ணாகுளம் பிராட்வேயில் ராவுத்தர் ஒருவரின் கடையிலிருந்து வரும். படகேறிப் போய் நான் வாங்கி வருவேன். கடைக்காரரின் மகன், ராத்தா எழுதித் தரும் சீட்டைப் பார்த்துப் பார்த்தே மனம் வைத்தவர். முறையாகத் தன் உம்மாவை அனுப்பிப் பெண் கேட்டார். ராத்தாவுக்குச் சம்மதம். எங்கள் உம்மாவோ அன்றே கல்யாணத்துக்குப் பிறைநாள் பார்க்கத் தொடங்கிவிட்டார். பெரியவாப்பா வந்தவர்களுக்கு சாயா கொடுத்து, நபிகுலத்து சையது வீட்டுப் பெண்ணை சையது அல்லாத வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கமில்லை என்று அனுப்பிவிட்டார். "சுல்தான் பேத்தியைக் கொண்டுபோய்க் காகிதக் கடையில உக்கார வைக்கவா?" என்று பிறகு உம்மாவைக் கேட்டார். சுல்தான் பேத்தி அப்போது அடுக்களையில் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தம்பி, அந்த சுல்தான் என் கையிலதான் பொறந்தாரு" என்றார் ராத்தா. துண்டுச் சீட்டுக் கதையை அன்றுதான் சொன்னார். ஊர் ஜமாஅத் சபையில் சொல்லிவிடலாம் என்று நான் குதித்தேன். "எதைக் காட்டிச் சொல்லுவே? பழசு தண்ணியில போயிடுச்சு. புதுசு என் கையெழுத்து" என்றார். அழவில்லை. அரிசியை இன்னொரு தடவை முதலிலிருந்து பொறுக்கினார். அதற்குப் பிறகு சையது மாப்பிள்ளை எவரும் எங்கள் சந்துக்குள் வரவேயில்லை.

எழுபதுகளின் கடைசியில், ராத்தாவுக்கு முப்பது வயது நெருங்கியபோது, பெரியவாப்பாவின் சொந்த மகளுக்குக் களமசேரியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வளைகுடாவில் நல்ல வேலை, நல்ல குணம். சையது மட்டும் இல்லை. பெரியவாப்பா ஒரு வாரம் யோசித்தார். மாப்பிள்ளையின் பாட்டனாருக்குப் பாட்டனார் நம் சுல்தானின் இன்னொரு மகன் வழி என்று கண்டுபிடித்தார். சஜராவும் அந்த மழையில் சௌகரியமாகப் பூஞ்சை பிடித்திருந்தது. நகலெடுக்க ராத்தாவிடம் வந்தார்.

"எழுத மாட்டேன்" என்றார் ராத்தா. வாழ்நாளில் அவர் பெரியவர்களிடம் சொன்ன ஒரே மறுப்பு அதுதான் என்று நினைக்கிறேன். பெரியவாப்பா என்னை வெளியே கூப்பிட்டார். மாப்பிள்ளை எனக்கு விசா எடுத்துத் தருவார் என்றும், அதற்கு நான் என் ராத்தாவிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றும் சொன்னார். வாப்பா தூக்கிய அதே தராசைத்தான் நானும் தூக்கிக்கொண்டிருந்தேன். போய்ப் பேசினேன்.

"ஒரு பேருதானே ராத்தா. எழுதிட்டா என்ன?"

"நீயும் கேக்கிறியா தம்பி?"

"எனக்காக."

எழுதிக்கொண்டிருந்த மவுலிது ஏட்டை மூடிவைத்தார். பிறகு, "சரி, மை வாங்கிட்டு வா" என்றார். அதே பிராட்வே கடைக்குத்தான் போனேன். கல்லாவில் அவரே இருந்தார், மணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக. "இப்பவும் எழுதுறாங்களா?" என்று மட்டும் கேட்டு, நல்ல மையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

நான்கு நாள், அஸர் தொழுகைக்குப் பின் அமர்ந்து ராத்தா எழுதினார். நான் மை காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துச் சுருட்டினேனே தவிர, வாசிக்கவில்லை. பெரியவாப்பா மாப்பிள்ளையின் பெயரைத் தேடினார், அது இருந்தது, அவருக்கு அது போதும். பழையதைப் படகுத்துறையில் என் கையாலேயே அலசினேன். புதியது கண்ணாடிச் சட்டம் போட்டுப் பெண்ணோடு களமசேரிக்குப் போனது. நான் விமானம் ஏறினேன். பெரியவாப்பா செய்தது துரோகம். ஊட்டி வளர்த்த கையை விசாவுக்கு விற்ற நான் செய்ததற்கு அதைவிடக் கனமான சொல்தான் தேட வேண்டும்.

எட்டு வருடம் ராத்தாவின் கடிதங்கள் வந்தன. உம்மாவின் உடல்நிலை, மழை, கிணற்றுத் தண்ணீர். தனக்கென்று ஒரு சோப்புக்கட்டிகூடக் கேட்டதில்லை. உம்மாவைக் கடைசிவரை கவனித்து அடக்கியதும் அவர்தான். பிறகு அவருக்கே மூச்சுத்திணறல் முற்றி, நான் ஓடி வந்தேன். தலைமாட்டில் இருந்து, "என்மேல கோவமா ராத்தா?" என்று கேட்டேன். "கோவத்தையெல்லாம் அன்னைக்கே எழுதி முடிச்சிட்டேன் தம்பி" என்றார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். நான்காம் நாள் விடிகாலை சுபுஹு பாங்கு கேட்டபடி அடங்கிவிட்டார்.

நாற்பதாம் நாளுக்கு அழைக்கக் களமசேரி வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் சஜரா தொங்கியது. அருகில் போய் ராத்தாவின் எழுத்தை முதல்முறையாக வாசித்தேன். பெரியவாப்பா, அவர் மகன்கள், தனிக் கிளையாக மாப்பிள்ளையின் முன்னோர், மாப்பிள்ளை, எல்லோரும் இருந்தார்கள். எங்கள் வாப்பாவின் பெயரும் இருந்தது. அதற்குக் கீழே என் பெயர் இல்லை. சிறிய வட்டம் ஒன்று இருந்தது. கை நடுங்காமல் போட்ட வட்டம்.

அந்த மாப்பிள்ளை சாயாவோடு வந்து என் தோளில் கை வைத்தார். "என்ன மச்சான், இப்படி உத்துப் பாக்கறீங்க? நம்ம ரெண்டு பேரும் ஒரே சுல்தான் பிள்ளைங்கதானே!" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். சட்டத்தைக் கழற்றித் திருத்தும்படி யாரிடமும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. ஒரு பேர்தானே.

ராத்தாவின் முழுப்பெயரை இந்த மலரின் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணின் பெயர் காகிதத்தில் ஏறுவது இதுவே முதல்முறை. முன்னால் எந்தப் பட்டமும் சேர்க்கவில்லை. என் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, மலையாளம்தான் எழுத்து. அவர்களுக்கு இதை நானே வாசித்துக் காட்டுவேன்.

இரவு பகல் பாராமல் ராத்தாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக் கொங்கணி அம்மாவுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு முறையும் அவரை நாற்காலியோடு தூக்கிப் படகில் ஏற்றிய துறைத் தொழிலாளர்களுக்கும், மய்யித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி போர்த்திய பெண்களுக்கும் நன்றி. ஜனாஸா தொழுகையில் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பியவரும், இந்த மலருக்கான காகிதத்தைத் தம் கையால் தேர்ந்தெடுத்துத் தந்தவருமான பிராட்வே கடைக்காரருக்கு நன்றி. உதவிய வேறு யார் பெயரையாவது நான் விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். பெயர் விடுபட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். ராத்தாவுக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும்.