அஞ்சுகம் மறுத்த பக்கம்

கிளிஞ்சல்மேட்டு அஞ்சுகத்துக்கு வாய் நீளம் என்று அவளுடைய ஊர்க்காரர்களே சொல்வார்கள். அவள் அதை வசவாக எடுத்துக்கொண்டதில்லை. பதினெட்டு வயதில் கடலுக்குப் போகிற அம்பலவாணனுக்கு வாழ்க்கைப்பட்டு, இருபதில் தலையில் மீன்கூடை ஏற்றியவள். எட்டாவது வரை படித்திருந்தாள். மீன் மடிக்க வாங்கும் பழைய செய்தித்தாளைக்கூட மடிப்பதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிடுவாள். காலையில் கரையில் ஏலம் முடிந்ததும் தருமபுரம், தலத்தெரு என்று நடப்பாள். மிஞ்சினால் மத்தியானம் பஸ் பிடித்து நெரவிப் பக்கம் போவாள்.

தலத்தெருவில் சைவக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு தெருவில் மட்டும் அவள் குரல் கொடுக்காமல் கடந்துவிடுவது வழக்கம். இரண்டாயிரத்து மூன்றில் ஒருநாள் அந்தத் தெருவிலிருந்தே ஒரு குரல் அவளைக் கூப்பிட்டது.

"மீன்காரம்மா, இங்க வாங்க."

"வாங்க" என்ற சொல்தான் அவளைத் திரும்பிப் பார்க்கவைத்தது. நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு அம்மாள் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். பெயர் கல்யாணசுந்தரி. வெளியூரில் பெண்கள் கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் தத்துவம் நடத்திவிட்டு, ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் தனியாகத் திரும்பியிருந்தாள். அரைக் கிலோ சங்கரா வாங்கினாள். அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அஞ்சுகமே கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து செதில் சுரண்டிக் கொடுத்தாள்.

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து கல்யாணசுந்தரியின் தம்பி தெட்சிணாமூர்த்தி வந்துவிட்டார்.

"தாத்தா காலத்துலேர்ந்து இந்த வாசப்படியில மீன் ஏறுனதில்ல, அக்கா."

"அது தாத்தா வாசப்படி. இது கோர்ட்டுக்குப் போயி நான் வாங்குன பங்கு."

அவர் போன பிறகு அஞ்சுகத்துக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இந்த வயசுல எதுக்கு டீச்சரம்மா புதுசா மீனு?"

"ஏன் கூடாதுன்னு ஊர்ல கேட்டுப் பாத்தேன் அஞ்சுகம். ஒருத்தருக்கும் பதில் தெரியல. அப்ப சாப்புட்டுப் பாத்துடலாம்னு தோணிச்சு."

அதன்பிறகு வாரம் இரண்டு நாள் அந்தக் குழாயடிதான். அஞ்சுகம் மீன் ஆய்வாள். டீச்சரம்மா எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்வாள். கல்யாணமாகி நான்காம் வருஷம், வேலையை விட்டுவிடு என்று புருஷன் சொன்னதும், புத்தகப் பெட்டியோடு புறப்பட்டுவிட்டதைச் சொன்னாள்.

"அழுதீங்களா?"

"பேரளத்துல ரயில் ஏறுற வரைக்கும் அழுதேன். அப்புறம் பசிச்சிச்சு. நாலு இட்லி வாங்கித் தின்னேன்."

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கரைக்குத் திரும்பி அந்தக் கதையை எல்லாரிடமும் சொன்னாள். அந்த அம்மாள் புத்தகம் எழுதுகிறவள் என்பதோ, பெண்களைப் பற்றி அவள் எழுதியதை வெளியூர்களில் வாதாடிப் படிக்கிறார்கள் என்பதோ அவளுக்குத் தெரியாது. மீன் முள்ளுக்குப் பயப்படுகிற, பொய் சொல்லத் தெரியாத ஒரு மனுஷி என்றுதான் தெரியும்.

சுனாமி வந்தது. அஞ்சுகத்தின் வீடும் போயிற்று, அம்பலவாணனின் படகும் போயிற்று. உயிர் தப்பியதே பெரிது என்றிருந்தார்கள். வேறொரு படகில் அவன் கடலுக்குப் போக ஆரம்பித்தபோது மீனை வாங்க ஆளில்லை. கடலில் போன பிணங்களைத் தின்ற மீன் என்று ஊரே ஒதுக்கிவைத்திருந்தது. நிரம்பிய கூடையோடு அவள் தெருத்தெருவாக நடந்தாள், கதவுகள் சாத்திக்கொண்டன. கல்யாணசுந்தரி நடுத்தெருவுக்கே இறங்கி வந்து, எல்லார் கண்ணும் பார்க்க, இரண்டு கொடுவாய் மீனை வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அடுத்த வாரம் தருமபுரத்தில் மூன்று வீடுகள் கூப்பிட்டன.

பஸ் விவகாரம் நடந்தது இரண்டாயிரத்து ஆறில். நெரவிக்குப் போகிற தனியார் பஸ்ஸில் அஞ்சுகம் ஏறி டிக்கெட்டும் வாங்கிவிட்டாள். கடைவீதி தாண்டியதும் யாரோ மூக்கைப் பிடிக்க, கண்டக்டர் விசிலடித்தான்.

"கூடையோட எறங்கு. நாத்தம் தாங்கல."

"டிக்கெட் கிழிச்சப்ப ஒன் மூக்கு எங்க போயிருந்துச்சு?"

அவன் கூடையைத் தூக்கி ரோட்டில் வைத்தான். அஞ்சுகம் இறங்கினாள். கூடையை எடுத்துக்கொண்டு போய் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்தாள். அதன் பக்கத்தில் தானும் நின்றாள். டிரைவர் ஆரன் அடித்தான், உள்ளேயிருந்து திட்டினார்கள். வெயிலில் முக்கால் மணி நேரம் அவள் நகரவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "காசு வாங்கிட்டியேப்பா, ஏத்திக்க" என்றார். அதே பஸ்ஸில், அதே இடத்தில், கூடையோடுதான் அவள் நெரவி போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் குழாயடியில் இதை ஒரு வார்த்தை விடாமல் நடித்தே காட்டினாள். டீச்சரம்மா இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டில் புதுப் புத்தகம் ஒரு கட்டு வந்து இறங்கியிருந்தது. 'மூக்கு யாருடையது' என்று அட்டையில் போட்டிருந்தது. கீழே கல்யாணசுந்தரி என்ற பெயர்.

"இதுல உங்க பஸ்ஸும் வருது" என்று ஒன்றை எடுத்து நீட்டினாள் டீச்சரம்மா.

அன்று சாயங்காலமே அஞ்சுகம் சுனாமிக்குப் பிறகு கிடைத்த புது வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டாத குறையாகப் படிக்க ஆரம்பித்தாள். நாற்றம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் நல்ல மணம் என்றே பொருள் என்றும், அதைக் கெட்ட வாடையாக மாற்றியதில் யார் யாரை ஒதுக்கினோம் என்பதும் ஒளிந்திருக்கிறது என்றும் முதல் பகுதி சொன்னது. இரண்டு தடவை படித்ததில் பிடிபட்டது. மகள் ஷர்மிளாவைக் கூப்பிட்டு, "பூவுக்கும் அந்தக் காலத்துல நாத்தம்தாண்டி" என்றாள். நாற்பத்தொன்றாம் பக்கம் வந்தபோது அவள் முகம் மாறியது.

'அந்த மீன்காரப் பெண் தலைகுனிந்து இறங்கினாள். தன் அவமானத்தைச் சொல்ல அவளிடம் சொல் இல்லை. அவளுடைய மௌனத்துக்கு நாம் சொல் கொடுக்க வேண்டியிருக்கிறது.'

அஞ்சுகம் அந்த மூன்று வரியையும் மகளிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொன்னாள். தான்தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று பார்த்தாள். தப்பில்லை.

மறுநாள் கூடை இல்லாமல், கையில் புத்தகத்தோடு தலத்தெருவுக்குப் போனாள்.

"நான் எப்ப டீச்சரம்மா தலை குனிஞ்சேன்?"

கல்யாணசுந்தரி கண்ணாடியைக் கழற்றினாள். "அது நீங்க இல்ல அஞ்சுகம். பொதுவா ஒரு பெண். உதாரணம்."

"உதாரணத்துக்கு எங்கூடை எதுக்கு? நான் ஏறுன பஸ்ஸு எதுக்கு?"

"எல்லாராலயும் உங்கள மாதிரி நிக்க முடியாதில்ல? நிக்க முடியாதவங்களுக்காகத்தான்..."

"அப்ப நிக்காதவ ஒருத்தியத் தேடிப் புடிச்சி, அவகிட்ட கேட்டு எழுதுங்க. நின்னவள ஏன் குனிய வைக்கிறீங்க?" அஞ்சுகத்தின் குரல் உயர்ந்தது. "நீங்க பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்தீங்களே, அத ஒருத்தி எழுதுறான்னு வைங்க. பாவம், வாயில்லாம அழுதுக்கிட்டே போனான்னு எழுதிட்டு, இட்லியப் பத்தி எழுதாம வுட்டா ஒத்துக்குவீங்களா? இந்தப் பொஸ்தகத்த எழுதுன ஆள எனக்குத் தெரியல டீச்சரம்மா. கொடுவாயத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நின்னவங்களத்தான் எனக்குத் தெரியும்."

கல்யாணசுந்தரி புத்தகத்தை வாங்கி நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினாள். வாதத்தில் தோற்றுப் பழகாத அம்மாள் அவள். முகம் சிவந்துவிட்டது. கடைசியில், "உங்க கதைய அப்படியே எழுதுனா என் வாதம் நிக்காதோன்னு பயந்துட்டேன்" என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அஞ்சுகமும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பத்து நாள் அந்தத் தெருவுக்குள் போகவில்லை.

பதினோராம் நாள் டீச்சரம்மாவே கிளிஞ்சல்மேட்டுக்கு ஆட்டோ பிடித்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் புத்தகத்தைப் பற்றிக் கூட்டம். வந்து பேச வேண்டும் என்றாள்.

"என்ன பேசுறது?"

"எங்கிட்ட பேசுனத."

அம்பலவாணனுக்குக் கவலை. "பெரிய மனுசங்க இருக்கற எடம். பாத்துப் பேசு."

"பாத்துதான் பேசுவேன். அவங்க மூஞ்சியப் பாத்து."

ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடித்து, காலிக் கூடையோடே மாடியேறினாள். நாற்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் தெட்சிணாமூர்த்திகூட வந்திருந்தார். கல்யாணசுந்தரி எழுந்து, "இந்தப் புத்தகத்துல நாப்பத்தொன்னாம் பக்கம் தப்பு. கண்டுபுடிச்சவங்க வந்திருக்காங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அஞ்சுகம் எழுந்தபோது முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"அத எடுங்க சார். நான் பேசுறத மூக்கால கேக்க வேண்டியதில்ல."

கூட்டம் சிரித்தது. கைக்குட்டை பைக்குள் போயிற்று. அவள் பஸ் கதையை முழுசாகச் சொன்னாள். பிறகு, "டீச்சரம்மா நல்லவங்க. பொஸ்தகத்துல பாதி எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா எங்களுக்குச் சொல்லு இல்லன்னு இனி யாரும் எழுதாதீங்க. நாங்க சொல்றப்ப நீங்க எங்க இருந்தீங்கன்னு எழுதுங்க" என்றாள். கை தட்டினவர்களும் உண்டு, தட்டாதவர்களும் உண்டு. அவள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

மறுபதிப்புக்கு முன் கல்யாணசுந்தரி அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதிக் குழாயடியில் படித்துக் காட்டினாள். 'அவள் நின்றாள், வென்றாள்' என்று முடித்திருந்தாள்.

"'வென்றாள்'ங்கறத வெட்டுங்க."

"ஏன்?"

"அடுத்த வாரமே வேறொரு கண்டக்டர் அதையே சொன்னான். ஜெயிச்சது எங்க? நின்னேன். அதோட நிறுத்துங்க."

அப்படியே அச்சானது.

இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில் அஞ்சுகம் கரையில் பதினான்கு பெண்களைச் சேர்த்தாள். பஸ்ஸில் கூடை ஏற்றச் சொல்லி மனுக் கொடுத்தால் மேசையில் தூங்கும் என்று அவளுக்குத் தெரியும். பதினான்கு பேரும் பதினான்கு கூடையோடு ஒரே பஸ்ஸில் ஏறி ஆளுக்கொரு டிக்கெட் கேட்டார்கள். கண்டக்டர் வாயைத் திறந்து, எண்ணிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மூன்று நாள் இப்படி ஏறிய பிறகு பஸ் முதலாளியே ஆளனுப்பினார். பின்பக்கம் கடைசி சீட்டைக் கழற்றிக் கூடை வைக்க இடம் விடுவதாகப் பேச்சு முடிந்தது. தாங்கள் உட்காரும் இடத்தையும் சேர்த்துப் பேசித்தான் அஞ்சுகம் எழுந்து வந்தாள்.

அதைக் கேட்டதும் டீச்சரம்மா பேனாவைத் தேடினாள்.

"எழுதிக்குங்க" என்றாள் அஞ்சுகம், அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டே. "பதினாலு பேரு பேரும் வரணும். ஒருத்தி வுடாம."