திக்கோடிக்குத் திருப்பிக் கொண்டுபோன மீன்

போன வெள்ளிக்கிழமை கொழிஞ்சாம்பாறையிலிருந்து கடலுக்குப் போனேன், ஒரு மீனைத் திருப்பி விட. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகன் திக்கோடிக் கரையில், பாறைக்குழித் தண்ணீரில் பிடித்தது. ராஸ் வகை என்றான். விரல் நீளம், பச்சை உடம்பு, சிவப்புக் கோடு. இருட்டினால் மணலுக்குள் புதைந்து தூங்கும், விடிந்தால் எழும். இப்போது அவனுக்கு மூணாற்றில் ஹோட்டல் வேலை. அந்தக் குளிரில் இது பிழைக்காது. "பிடிச்ச எடத்துலயே உட்டுருங்கம்மா" என்றான். சரி சாமி என்று வாக்குக் கொடுத்தேன்.

வாளியில் உப்புத் தண்ணீர், அடியில் நாலு விரல் மணல், பேட்டரியில் ஓடும் குட்டிக் காற்று மோட்டார். விடியற்காலை 4.15க்குக் கிளம்பி பாலக்காட்டில் ரயில், கோழிக்கோட்டில் மாறி பையோளி, அங்கிருந்து ஆட்டோ. 9.30க்குக் கரையில் இருந்திருக்க வேண்டும். ரயில் நின்று நின்று, போய்ச் சேர்ந்தபோது 10.35. ராகு காலம் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

ஓர் உயிரை அதன் வீட்டில் விடுகிறோம், அதை ராகு காலத்திலா செய்வது? வாளிமேல் ஈரத்துணி போட்டு, பாறையில் உட்கார்ந்து முருகன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆட்டோக்காரர் இரண்டு தரம் வந்து பார்த்தார். "சேச்சீ, மீனுக்கெந்து ராகு காலம்? வெயில் ஏறுது, வேகம் விட்டுடு."

"பன்னெண்டு ஆகட்டுங்க தம்பி."

"அப்போ மீனுக்கு ஒரு சாயா வாங்கட்டே?" சிரித்துவிட்டுப் போனார்.

12.02க்குத் துணியை எடுத்தேன். மோட்டார் நின்றிருந்தது. அலைச் சத்தத்தில் எப்போது நின்றதோ. மீனைக் காணோம். துணி போட்ட இருட்டில் புதைந்து தூங்குகிறது என்று மணலைத் துழாவினேன். தண்ணீர் சுட்டது. மீன் புதையவே இல்லை. வாளி ஓரத்தில் வாயைத் திறந்தபடி ஒட்டிக் கிடந்தது.

பாறைக்குழியில் விட்டேன். அதே பச்சையில் நாலைந்து மீன்கள் பாசிக்குள்ளிருந்து வந்து பார்த்துவிட்டு ஓடின. இது சாய்ந்து அடிக்குப் போனது. எழுந்துவிடாதா என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது, ரயிலில் இருக்கையில், மகன் போனில் கூப்பிட்டான்.

"உட்டாச்சுங்களாம்மா?"

"உட்டாச்சு கண்ணு."

"உடனே மணலுக்குள்ள போயிருச்சா?"

"போயிருச்சு."

இப்படிப் போகிறவர்களுக்கு: ஆட்டோ காத்திருந்த 200 சேர்த்து, போக வர 1,480 ரூபாய் ஆனது. மாற்று பேட்டரி கட்டாயம். முதல் நாளே போய்த் தங்கி, வெயிலுக்கு முன்னால் விட்டுவிடுங்கள். நேரம் பார்ப்பதானால் வீட்டிலிருந்து கிளம்பும்போது பாருங்கள், கரையில் பார்க்காதீர்கள்.

தினமும் விளக்கேற்றுகிறேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் வாயில் வரவில்லை.