ஏழு பெயர்கள் ஒட்டாத படகு

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. எங்கள் தீவின் வாசிகசாலைக் குழு, புதிய மண்டபத்தில் வைப்பதற்குப் பழைய பயணிகள் படகின் மாதிரி ஒன்றைச் செய்து தரும்படி என்னைக் கேட்டது.
2. நான் சம்மதித்தேன்.
3. அந்தப் படகை இருபத்திரண்டு வருடம் ஓட்டிய அப்பா, அதில் இருந்த ஒரு வசனம் மாதிரியிலும் இருக்கவேண்டும் என்றார்.
4. அந்த வசனத்தின் இடத்தில், மண்டபத்துக்குக் காசு தந்த உபயகாரர் ஏழு பேரின் பெயர் வரவேண்டும் என்று குழு சொன்னது.
5. பெயர்ப் பட்டியல் நான்கு தடவை மாறியது.
6. திறப்புவிழாவன்று காலை ஏழரைக்கு ஐந்தாவது தடவையும் மாறியது.
7. பத்தேகாலுக்கு ஏழு பேரும் குழுத் தலைவரின் மோதிர விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைகிறேன். காலையில் படகு, குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ், மாலையில் அதே பாதை தலைகீழாக. மாதிரிகள் செய்வது என் பொழுதுபோக்கு. இதைக் கேள்விப்படுபவர்கள் முதலில் அதனால் என்ன பிரயோசனம் என்பார்கள். அடுத்த கிழமை தங்கள் வீட்டையும் ஒன்று செய்து தரச் சொல்வார்கள்.

இருபதில் ஒரு பங்கு அளவில் படகைச் செய்வது கடினமல்ல. எழுத்துத்தான் கடினம். ஒன்றரை மில்லிமீற்றர் உயர எழுத்தைத் தூரிகையால் எழுத என்னால் ஏலாது. அதற்கு டீகால் வேண்டும்: தாளில் அச்சடித்து, தண்ணீரில் ஊறவைத்து, மேற்படலத்தை மட்டும் வழுக்கி எடுத்து ஒட்டுவது. அந்தத் தாள் இங்கே கிடைக்காததால் நானே செய்தேன். வழவழப்பான தாளில் தண்ணீரில் கரையும் கடைப் பசையை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டேன். அதன்மேல் வாகனங்களுக்கு அடிக்கும் வெள்ளை ஸ்பிறே, அதன்மேல் தெளிந்த வார்னிஷ். முதல் ஆறு தாள்கள் கடற்காற்றின் ஈரத்தில் காயாமல் போயின. ஏழாவதை அரிசி வாளிக்குள் வைத்துக் காயவைத்தேன்.

இன்னொரு சிக்கல், படகின் எழுத்து நீலத்தின் மேல் வெள்ளை. பிரிண்டருக்கு வெள்ளை தெரியாது. ஆகவே எழுத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள நீலத்தை அச்சடிக்கவேண்டும். படலத்தின் வெள்ளை எழுத்தாகத் தெரியும். அந்த நீலமும் படகின் பூச்சும் ஒன்றாக இருக்கவேண்டும். பன்னிரண்டு நீலங்களை வரிசையாக அச்சடித்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதாவது பொருந்தியது.

அப்பா கேட்ட வசனம் இது: ‘அறுபது பேருக்கு மேல் ஏற்றப்படமாட்டாது.’ ஓட்டி நிற்கும் சிறு அறையின் முன்பலகையில் அவரே தூரிகை பிடித்து எழுதியது. அதை எழுதியதற்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. ஒரு திருவிழாக் காலத்தில், இப்போதைய குழுத் தலைவர் அறுபத்தோராவது ஆளாகக் குடையுடன் ஏறினார். அப்பா என்ஜினை நிறுத்திவிட்டார்.

“ஒரு ஆள்தானே, படகை எடும்,” என்றாராம் அவர்.

“ஓம், ஒரு ஆள்தான். நீங்கள் இறங்கினால் சரி.”

வெயிலில் இருபத்தைந்து நிமிடம் படகு நின்றது. உள்ளே இருந்த அறுபது பேரும் கத்தினார்கள். அவரைப் பார்த்தல்ல, அப்பாவைப் பார்த்து. யாருடைய உயிருக்காக அந்தக் கணக்கு என்று அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. கடைசியில் அவர் இறங்கினார். அன்றிலிருந்து அப்பா ஊரில் தலைக்கனம் பிடித்தவர். இப்போது அந்தப் படகு விறகாகிவிட்டது. “நான் அதிலை எழுதினது அது ஒண்டுதான்,” என்றார் அப்பா. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

பழைய படமொன்றிலிருந்து அவருடைய எழுத்தைப் பிரதியெடுத்து, டீகால் செய்து, ஒட்டி, மேலே இரண்டு தடவை வார்னிஷ் அடித்தேன். தலைவர் பார்க்க வந்தது அதற்குப் பிறகு.

“இந்த வசனம் வேண்டாம், பிள்ளை. விழாவிலை அபசகுனம். இதிலை உபயகாரரைப் போடும்.”

“அது படகிலை இருந்த எழுத்து, ஐயா.”

“இருந்ததுதான். ஆர் வாசிச்சது?”

இதில் அவரை மறுக்க முடியாது. அவர் வாசிக்கவில்லை என்பதற்கு அறுபது சாட்சிகள் உண்டு.

பெயர்களை மரப்பீடத்தில் பதிக்கலாம், இடமும் அதிகம் என்றேன். உபயகாரரைக் காலடியிலை போடச் சொல்லுறீரோ என்று கேட்டார். எங்கள் தீவில் மின்விளக்கின் கண்ணாடியில் உபயகாரரின் பெயர் வெளிச்சத்தை மறைக்கும். கிணற்றுக் கட்டில், கதிரையின் முதுகில், சுவர் மணிக்கூட்டின் முகத்தில் பெயர் இருக்கும். அந்த மணிக்கூட்டில் ஒன்பதுக்கும் மூன்றுக்கும் இடையில் மணி என்ன என்று யாருக்கும் தெரியாது. படகு மட்டும் எப்படித் தப்பும்?

நான் வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டால் மாதிரியைப் பிடுங்கிக்கொண்டு போய் வசனத்தின் மேல் வேறு யாரையாவது கொண்டு பூச்சு அடிப்பார்கள். அப்பாவிடம் சொன்னேன். “அவையின்ரை மண்டபம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். ஆகவே பெயர்களை வசனத்தின் மேலேயே ஒட்டுவது என்று முடிவு செய்தேன். கீழே வசனம் இருப்பது எனக்கும் அவருக்கும் தெரிந்தால் போதும்.

அதற்குள் பட்டியல் ஓடத் தொடங்கியது. உபயகாரர் எல்லோரும் வெளிநாட்டில் இருப்பவர்கள்; சுவிஸ்காரர் லண்டன்காரருக்குக் கீழே வரமாட்டார். லண்டன்காரருக்குப் பெயரின் முன் பட்டம் வேண்டும். கனடாக்காரர் தன் பெயரோடு தகப்பனின் பெயரையும் கேட்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுத் தாள், புதுப் பசை, அதே ஒன்பதாவது நீலம். முன்பே காயவைத்திருந்த தாளொன்றில் ஐந்தாவது மாற்றத்தை அச்சடித்து ஒட்டி முடித்தபோது காலை ஒன்பது மணி. மேல் வார்னிஷ் அடித்தால் காய நேரமில்லை. பின்னேரம் அடிக்கிறேன், அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது என்று தலைவரிடம் மூன்று தடவை சொன்னேன். ஓம் ஓம் என்றார்.

எங்கள் ஊரில் புதுச் சாமான் எதுவும் சந்தனம் வைக்காமல் வேலை தொடங்குவதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு வைப்பதில் நியாயம் இருக்கலாம். என் அலுவலகத்துப் போட்டோக்கொப்பி இயந்திரத்துக்குக் கண்ணாடியின் நடுவிலேயே வைத்தார்கள். அந்தக் கிழமை முழுதும் வெளிவந்த எல்லா வீட்டு வரைபடங்களின் குசினியிலும் ஒரு பொட்டு இருந்தது. இருந்தும் இந்தப் படகை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது என் பிழை.

தலைவர் முதலில் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தாராளமாகத் தெளித்தார். பிறகு சந்தனத்தை நன்றாகக் கரைத்து, மோதிர விரலால் முன்பலகையின் நடுவில் வைத்து அழுத்தினார். விரலை எடுத்தபோது ஏழு பேரும் கூடவே வந்தார்கள். உதறினார்; படலம் விரலைச் சுற்றிக்கொண்டது. மற்றக் கையால் உரித்தார். லண்டன்காரர் பட்டு வேட்டியில் ஒட்டிக்கொண்டார்.

அதே லண்டன்காரர் லண்டனில் விடிய எழும்பி, குழுச் செயலாளரின் போன் வீடியோவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ரை பெயர் எங்கை?” என்று போன் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா கிட்டப் போய்க் குனிந்து பார்த்து, பலகையில் இருந்ததைச் சத்தமாக வாசித்தார். அறுபது பேருக்கு மேல் ஏற்றப்படமாட்டாது.

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அன்று அந்தப் படகில் இருந்து கத்தியவர்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பா சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு மாதிரியின் அருகே போய்க் குனிந்து பார்த்தார்.

“என்ரை எழுத்து சரிஞ்சிருக்கும். நீ நிமித்திப் போட்டாய்.”

“கொஞ்சம்தான் அப்பா.”

“கொஞ்சமெண்டாலும்,” என்றார். ஆனால் உடனே போகவில்லை. சால்வை நுனியால் மஞ்சள் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் போனார்.

வேண்டுமென்று செய்தேனா என்று இருவர் வந்து கேட்டார்கள். இல்லை. வீட்டில் செய்த சாமான் இப்படித்தான் என்று குழு தீர்மானித்து, நகரத்துக் கடையொன்றில் ஸ்ரிக்கர் அடிப்பித்தது. அளவு எடுக்கவில்லை. வந்த ஸ்ரிக்கர் படகைவிடப் பெரியது. அதைக் கண்ணாடி அலுமாரியின் முன்பக்கத்தில் ஒட்டினார்கள்.

இன்றைய நிலை: படகு அலுமாரிக்குள் இருக்கிறது. முன்னால் நின்றால் ஏழு பெயர்கள் தெரியும், படகு தெரியாது. பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் முன்பலகையும் வசனமும் தெரியும். அப்பா பத்திரிகை வாசிக்கப் போகும்போது அந்தப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார். இறங்குதுறையின் மாதிரி ஒன்றையும் செய்து தரும்படி குழு கேட்டிருக்கிறது. ஏலாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.