தறியில் சம்மணம்

அத்தையைக் கட்டிய மாமா கொடி கட்டிய காரில் போகும் அளவுக்கு வளர்ந்தது என் கண்ணெதிரே நடந்தது. முதலில் கட்சிக்காகச் சுவரொட்டி ஒட்டினார். பிறகு கவுன்சிலர், அதற்கும் பிறகு நெசவாளர் சங்கத் தலைவர். சங்கத்துக்குச் சலுகை விலையில் வரும் பட்டு நூல் மாமா வீட்டு மாடியேறி, அங்கிருந்து வெளியாட்களுக்கு விலைபோயிற்று. தெருவுக்கே தெரியும். ஆனாலும் கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பெயரைத்தான் முதலில் போட்டார்கள்.

சங்க நூலைத் தேடி வீடு வீடாகச் சோதனை என்று செய்தி வந்த காலையில், மாமா ஆட்டோவில் நூல் மூட்டைகளோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். அப்பா நெசவாளி. தறியில் உட்கார்ந்து மிதிப்பதற்காகக் காலைத் தொங்கவிடும் குழிக்குள் மூட்டைகள் போயின. மேலே ஒரு கோணியை விரித்தார் மாமா.

"ஒரே ஒரு நாளு மச்சான். பக்கத்துல நின்னுகினு அறுந்த இழைய முடியிறாப்ல இரு. யாரு வந்து கோணிய தூக்கிப் பாக்கப் போறாங்க?"

"பேஜாருங்க, வேணாம்னு சொல்லுங்க" என்று அம்மா கெஞ்சினாள். நூல் வரவில்லையே என்று மாதக்கணக்கில் சங்கத்துக்கு அலைந்த அப்பா, அந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை. தெருவில் எந்த வண்டி நின்றாலும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் ஜீப்பே வந்தது. "நம்ம மச்சான் வீடுதான் மேடம், வாங்க" என்று, சங்கத் தலைவராகச் சோதனைக்குக் கூடவே வந்த மாமா சிரித்தபடி பெண் அதிகாரியை உள்ளே அழைத்துவந்தார்.

மாமா சொன்னபடி அப்பா தறிக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. நெய்கிறவர் உட்காரும் இடத்தில், சாப்பாட்டுக்கு உட்காருவதுபோலச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கால மடிச்சிகினு எப்படிங்க நெய்வீங்க?" என்றார் அதிகாரி.

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அவருக்குக் கால் வலி மேடம்!"

ஆமாம் என்று சொல்லுப்பா, சொல்லேன் என்று மனசுக்குள் கதறினேன்.

அப்பா அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார். "காலு நல்லாத்தான் இருக்குதுங்க."

மூட்டைகளோடு மாமாவையும் அப்பாவையும் ஜீப்பில் ஏற்றினார்கள். சாயங்காலம் அப்பா மட்டும் திரும்பி வந்தார். மாமாவுக்குப் பதவி போயிற்று, கொடியும் போயிற்று. அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

அன்று வந்ததும் அப்பா நேரே தறிக்குப் போய், காலியான குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்யத் தொடங்கினார். நானோ, கையில் கொடுத்த ஒரு பொய்யைக்கூடச் சொல்லத் தெரியாத மனுஷன் எனக்கு அப்பாவாக வாய்த்தாரே என்று அழுதுகொண்டிருந்தேன்.