பதினோராவது கட்டம்

சிறந்த ஊழியர் விருதுக்கான படிவத்தில் பதினான்கு கட்டங்கள். பெயர், பதவி, பணியில் சேர்ந்த நாள் என்று தொடங்கி, துறைத் தலைவரின் முத்திரையில் முடியும். அதில் பதினோராவது கட்டம், 'பணிக்காலத்தில் இடைவெளி இருப்பின் அதன் விவரம்' என்பது. ஊழியர் தானே இந்தப் படிவத்தை எழுதிக்கொள்ள முடியாது. அவருடைய துறையில் உள்ள ஆசிரியர் ஒருவர்தான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எங்கள் வேதியியல் துறையில் அப்படிப்பட்ட வேலைகள் என்னிடம்தான் வரும். நான் எழுதிய தாள் எதுவும் திருத்தத்துக்காகத் திரும்பி வந்ததில்லை என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்களுடையது பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மூன்று விருதுகள் கொடுப்பார்கள். ஆசிரியர் ஒருவருக்கு, ஊழியர் ஒருவருக்கு, முன்னாள் மாணவர் ஒருவருக்கு. அன்றைக்கே முன்னாள் மாணவர் சந்திப்பும் நடக்கும். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சுற்றிலும் உள்ள கம்பெனிகளில்தான் இருக்கிறார்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இந்த ஆண்டு ஊழியர் விருதுக்கு எங்கள் ஆய்வக உதவியாளரின் பெயரைத் துறைக் கூட்டத்தில் ஒருமனதாகச் சொன்னோம். பேரிகைப் பக்கத்துப் பெண்மணி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். இருபத்து நான்கு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர். மே மாதம் அறுபது முடிகிறது, அதோடு நின்றுவிட வேண்டும். எந்த பியூரெட் குழாய் எந்த இடத்தில் ஒழுகும் என்பது எங்களைவிட அவருக்குத்தான் தெரியும். கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீரால் நுரை பொங்கிய நாட்களில், மாணவர்கள் சோதித்துப் பார்க்க ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவரும் அவர்தான்.

அவருடைய மகள் எங்கள் துறையிலேயே பி.எஸ்சி. படித்தாள். அவள் இவருடைய மகள் என்பது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. சேர்க்கையின்போது சான்றிதழ்களைச் சரிபார்த்தவன் என்பதால் எனக்கு மட்டும் தெரியும். மூன்று ஆண்டுகள் ஒரே ஆய்வகத்தில் தாய் உப்பு மாதிரியை எடுத்துக் கொடுப்பார், மகள் மற்றவர்களைப் போலவே "தாங்க ஆயாம்மா" என்று வாங்கிக்கொள்வாள். ஒருநாள் நான் தயங்கித் தயங்கி அதைப் பற்றிக் கேட்டபோது, "நான்தான் சார் அப்பிடி இருக்கச் சொன்னேன். பாட்டில் கழுவுறவ மவள்னு ஒருத்தரும் அவளைச் சொல்லிடக் கூடாது பாருங்க" என்றார். மகள் இப்போது ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனையில் இருக்கிறாள். உடன் படித்த தோழிகள் நான்கு பேரும் அவளோடு அங்கேயே வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் இன்றுவரை தெரியாது.

படிவம் எழுத விவரம் கேட்டு நான் அவரைக் கூப்பிட்டபோது, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சார், பேரை மைக்குல சொல்லுவாங்களா, இல்ல பேப்பரை மட்டும் கையில குடுத்து அனுப்பிருவாங்களா?"

"மைக்ல சொல்வாங்க அக்கா. மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போடுவாங்க."

"சால்வை கெடக்குது. வருஷா வருஷம் அதைத் தட்டுல அடுக்கறவளே நான்தானே. பேரைச் சொன்னா போதும். பாப்பா வரேன்னிருக்கா."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவளாத்தான் சொன்னா சார், போன்ல. 'உன் பேரைக் கூப்புட்டா நான் எந்திரிச்சு எங்கம்மான்னு சொல்லிர்றேன்'னா. நான் எதுக்குடி வேணாம்னுதான் சொன்னேன்." பிறகு, "சொன்னா சொல்லட்டுமே, இல்லீங்களா?" என்றார்.

அன்று மாலை அலுவலகத்திலிருந்து பணிப் பதிவேட்டை வாங்கிவந்து படிவத்தை எழுதினேன். தற்காலிகப் பணியாளர்களுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஒரு நாள் இடைவெளி விட்டுப் புது ஆணை கொடுப்பது எங்கள் கல்லூரியில் பழைய வழக்கம். ஆள் நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஒரு நாள். பதிவேட்டில் அந்த நாட்களுக்கு நேரே சிவப்பு மையில் கோடு இருக்கும். பதினோராவது கட்டத்தில் இடம் போதவில்லை. 'தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, ஒரு வெள்ளைத்தாளில் நாற்பத்தேழு தேதிகளையும் வரிசையாக எழுதினேன். இரண்டு முறை பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

அந்த நாட்களிலும் அவர் வேலைக்கு வந்தார் என்பது எனக்குத் தெரியாததல்ல. எழுதும்போதே நினைவுக்கு வந்தது. ஆனால் கட்டம் கேட்டது பணியில் இடைவெளி உண்டா என்றுதான். அதற்குப் பதில் பதிவேட்டில் இருந்தது, அதை எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து முதல்வர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் என் தனித்தாள் இருந்தது.

"உங்க கையெழுத்துதானே? முத்து முத்தா இருக்கு. இதை ஏன் எழுதினீங்க?"

"படிவத்துல கேட்டிருந்தது சார்."

"கேட்டா எழுதிடறதா? தாவரவியல்ல தோட்டக்காரர் பேரைக் குடுத்திருக்காங்க. அவரும் இதே மாதிரி ஆள்தான், அவருக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு பிரேக் உண்டு. பதினொண்ணுல என்ன போட்டிருக்காங்க பாருங்க."

பார்த்தேன். 'இல்லை' என்று இருந்தது.

"ஒரே வார்த்தை. கமிட்டியில யாரும் ரிஜிஸ்டரைத் திறக்கப்போறதில்ல. நீங்க என்னடான்னா தேதி தேதியா எழுதி, கீழே மொத்தம் வேற போட்டிருக்கீங்க. பத்து வருஷம் தொடர்ச்சியா வேலை பார்த்திருக்கணும்னு விதி. உங்க தாள்படி அந்தம்மா சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது."

"அந்த நாள்லயும் அவங்க வந்தாங்க சார். என் டைரியில எழுதி வெச்சிருக்கேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அதை வீட்டோட வெச்சுக்குங்க. ரிஜிஸ்டர்ல இல்லாத நாள்ல லேப்ல ஆள் இருந்தாங்கன்னு எழுத்துல வந்தா, அதுக்கு நான் பதில் சொல்லணும். நீங்க கேக்கறது அவங்களுக்கு விருதா, எனக்கு மெமோவா?"

"வேற படிவம் எழுதித் தரட்டுமா சார்?"

"தேதி முடிஞ்சுபோச்சு. தோட்டக்காரர் பேர் மேல போயாச்சு." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தவர் போல, "அவருக்குப் பாராட்டுரை எழுத ஆள் இல்ல. அதையும் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. உங்க தமிழ்ல தப்பு இருக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். ஓர் ஆண்டில், சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி நெடுஞ்சாலை ஓரம் நின்றதால் பாதிப் பேர் கல்லூரிக்கு வரவில்லை. 'ஆய்வகத்தை வழக்கம்போல் அவர்தான் திறந்தார். பதிவேட்டில் கையெழுத்திட அனுமதி இல்லை' என்று எழுதியிருக்கிறேன். இன்னோர் ஆண்டில் செய்முறைத் தேர்வு நாளன்று அவருக்குக் காய்ச்சல் என்றும், காலை முதல் மாலை வரை நின்றார் என்றும். இரண்டும் சிவப்புக் கோடு போட்ட நாட்கள். நாற்பத்தேழையும் தேடிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மூடி வைத்துவிட்டு, தோட்டக்காரரின் பாராட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

விழாவுக்குப் பதினொரு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் அவரைப் பார்த்தேன், ஒரு நாளும் சொல்லவில்லை. முதலில், முடிவு எழுத்தில் வரட்டும் என்று இருந்தேன். எழுத்தில் வந்த பிறகு, செய்முறைத் தேர்வு முடியட்டும் என்று இருந்தேன். அதுவும் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. அப்போதும் சொல்லவில்லை.

விழாவன்று மஞ்சள் கரை போட்ட புதுப் பச்சைச் சேலையில் வந்திருந்தார். வழக்கம்போல் சால்வைத் தட்டோடு மேடையோரம் நிற்கச் சொல்லியிருந்தார்கள். "கூப்புட்டா ஏர்றதுக்கும் கிட்டதான் சார்" என்றார் என்னிடம். நான் பாராட்டுரைகளை எடுத்துக் கொடுப்பதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

ஆசிரியர் விருது கணிதத் துறைக்குப் போனது. முன்னாள் மாணவர் விருது, கல்லூரிக்குக் குடிநீர் இயந்திரம் வாங்கிக் கொடுத்த ஒரு தொழிற்சாலை மேலாளருக்கு. அடுத்தது ஊழியர் விருது என்று அறிவித்தார்கள். நான்காவது வரிசையில் மகள், தோழிகளுக்கு நடுவே, கைபேசியைப் படம் எடுக்கத் தூக்கிப் பிடித்தாள். தோட்டக்காரரின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் உதவியாளர் தட்டை நீட்டினார். முதல்வர் அதிலிருந்து சால்வையை எடுத்துத் தோட்டக்காரருக்குப் போர்த்தினார். நான் எழுதியதை வாசித்தார்கள், நடுவில் இரண்டு இடங்களில் கை தட்டினார்கள். அவர் தட்டோடு அங்கேயே நின்றார். அடுத்து இன்னொரு பெயர் வரும் என்று எதிர்பார்த்தவர் போல நாட்டுப்பண் பாடும்வரை நின்றார். மகளின் கைபேசி எப்போது கீழே இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை.

பிறகு டீ. ஊழியர்களே தட்டில் வைத்து வரிசை வரிசையாகக் கொண்டு போக வேண்டும். நான்காவது வரிசையில் ஒரு தோழி கையை உயர்த்தி, "ஆயாம்மா, இங்க அஞ்சு டீ" என்றாள். அவர் போனார். மகள் தனக்கான கப்பை எடுத்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. "தேங்க்ஸ்" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில் மகள் என்னைத் தேடி வந்தாள். தோழிகள் வாசலில் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், விருதுன்னு அம்மாவா நெனச்சுக்கிட்டாங்களா, நெஜமாவே பேர் குடுத்திருந்தீங்களா?"

"குடுத்தோம். நான்தான் எழுதினேன்." நடந்ததைச் சொன்னேன்.

"நாற்பத்தேழும் கரெக்ட்டா சார்?"

"கரெக்ட்டுதான்."

"எங்க கம்பெனியில இருந்தா உங்களைத்தான் ஆடிட்டுக்குப் போடுவாங்க." சிரிக்கவில்லை. "இன்னிக்கு உங்களுக்கெல்லாம் ஒரு விஷயம் காட்டறேன்னு இவளுங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தேன். வர்ற வழியெல்லாம் என்னடி என்னடின்னு கேட்டாளுங்க."

"இப்பவும் சொல்லலாமேம்மா."

"இப்ப எப்படி சார்? டீயை வாங்கிக் குடிச்சுட்டனே. அவ ஆயாம்மான்னு கூப்பிட்டப்பவே சொல்லியிருக்கணும். இனிமே சொன்னா, அப்ப ஏண்டி சும்மா இருந்தேன்னு கேப்பாளுங்க. அம்மாவும் அதைத்தானே கேக்கும்." தோழிகள் கூப்பிட்டார்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே போய்த் தாயைப் பார்க்கவில்லை.

நான் ஆய்வகத்துக்குப் போனேன். பெரிய தொட்டியில் டீக் கப்புகளைப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். புதுச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார்.

"பாப்பா உங்ககிட்ட நின்னு பேசிட்டிருந்தாளே சார். என்னாவாம்?"

"ஷிஃப்டுக்கு லேட்டாகுதுன்னா."

"என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?"

நான் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். பதினோராவது கட்டம், தனித்தாள், முதல்வர் சொன்னது, பதினொரு நாளாக நான் சொல்லாமல் இருந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. கழுவிய கப்புகளைத் துணிமேல் கவிழ்த்துக்கொண்டே வந்தார்.

"அந்த நாள்லயெல்லாம் நான் வந்தனே சார்."

"தெரியும் அக்கா."

"தெரியுமா" என்றார். கேள்வியாகக் கேட்டதுபோல் இல்லை. இன்னொரு கப்பைக் கவிழ்த்துவிட்டு, "நான்கூட உங்களுக்கு அது தெரியாம எழுதிட்டீங்கன்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு கப்புகளை எண்ணினார். நான்கு குறைந்தது. நாற்காலிக்கு அடியில் எங்காவது வைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, ஈரக் கையோடு அரங்கத்தை நோக்கிப் போனார்.