அறுபது பேரும் பால் குடித்த துறைமுகம்

பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து அடுத்த வருடம் இது நடந்தது. திருகோணமலை மீன்பிடித் துறைமுகத்தில், ஆழ்கடலுக்குப் போகும் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலையில் இருந்தேன். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு புத்தளத்தில் உப்பு அள்ளினேன், கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், கட்டாரில் இரண்டு வருடம் கம்பி கட்டினேன். துறைமுகத்துக்கு வந்து அப்போது ஐந்து மாதம்தான்.

கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு காலை. மீன் ஏலம் முடிந்து வெறுமையாகிவிட்ட மண்டபத்தில் ஒரு பெண்பிள்ளை தனியாக நின்றாள். காலடியில் ஆள் நிறுக்கும் தராசு. கையில் ஒரு கட்டுப் படிவம். வேலையாட்களைப் பார்த்து, “அண்ணா, ஒரு பத்து நிமிசம் இருந்து கதைக்க ஏலுமோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவரும் நிற்கவில்லை. தூரத்தில் போய் நின்று, “மாப்பிள்ளை பாக்க வந்திருக்கிறாபோல, நிறை பாத்துத்தான் எடுப்பாவாம்” என்று சிரித்தார்கள். அவளுக்கும் அது கேட்டிருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

மத்தியானம் வரைக்கும் அவள் அப்படியே நின்றதைப் பார்த்துப் பொறுக்காமல் நான்தான் போய் என்ன விஷயம் என்று கேட்டேன். கிளிவெட்டி ஊர்ப் பிள்ளை. தகப்பன் வயல் செய்கிறவர். கம்பஸில் போசணையும் உணவுமுறையும் படிக்கிறாள், கடைசி வருடம். பாரம் தூக்கும் ஆட்கள் ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறார்கள், அது அந்த வேலைக்குப் போதுமா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. அறுபது பேரிடம், நேற்று எழும்பியதிலிருந்து படுக்கும்வரை வாயில் போட்டது அத்தனையையும் கேட்டு எழுத வேண்டும்.

“அறுபது பேர்தானே? நான் கொண்டுவாறன், தங்கச்சி” என்றேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நான் படித்த காலத்தில், கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்றால் முதல் நாளே ஆசிரியர் எங்களுக்குக் கேள்வியையும் சொல்லி விடையையும் சொல்லித் தந்துவிடுவார். நாங்கள் ஒழுங்காகச் சொன்னால் ஆசிரியருக்கு நல்ல பெயர். பள்ளிக்கூடத்தில் நான் நன்றாகப் படித்த ஒரே பாடம் அதுதான் என்று நினைக்கிறேன். இந்தப் பிள்ளைக்கும் இது ஒரு சோதினை, நாங்கள் நல்ல நல்ல சாப்பாடாகச் சொன்னால்தான் அவளுக்கு நல்ல புள்ளி விழும் என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஆட்களை ஐந்தைந்து பேராகக் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியில், ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினேன். காலையில் பால், அவித்த முட்டை. மத்தியானம் சிவப்பரிசிச் சோறு ஒரு கோப்பை, மீன், கீரை. பின்னேரம் ஒரு வாழைப்பழம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படம் அப்படியே ஞாபகத்தில் இருந்தது. கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், எங்களுக்குள் வயதில் மூத்தவர். அவர் மட்டும் குழப்பினார்.

“நான் கடைசியாப் பால் குடிச்சது எங்கட உம்மாட்டடா. அதையோ சொல்லுற?”

“நானா, அந்தப் பிள்ளை பாஸ் பண்ணோணுமோ, இல்லையோ?”

“சரி சரி. அப்ப ரெண்டு கோப்பை எண்டு சொல்லுறன்.”

மூன்றே நாளில் அறுபது பேரும் முடிந்தது. பிள்ளைக்கு அவ்வளவு சந்தோசம். “நீங்க இல்லையெண்டா நான் என்ன செய்திருப்பன் அண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரிய புண்ணியம் செய்ததுபோல அன்றைக்கு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு கிழமை போயிருக்கும். காலையில் அவள் திரும்ப வந்தாள். கண் வீங்கியிருந்தது. அவளுடைய ஆய்வைப் பார்க்கும் விரிவுரையாளர் படிவங்களைப் புரட்டிவிட்டு, “அந்தத் துறைமுகத்துக்குள்ள மாட்டுப்பண்ணை ஏதும் இருக்குதோ?” என்று கேட்டிருக்கிறார். அறுபது பேரும் பால் குடிக்கிறார்கள், அறுபது பேரும் கீரை தின்கிறார்கள், அறுபது பேரும் ஒரு கோப்பைச் சோற்றோடு எழும்பிவிடுகிறார்கள். நீ துறைமுகத்துக்குப் போகவே இல்லை, வீட்டில் இருந்துகொண்டே நிரப்பியிருக்கிறாய் என்று சொல்லிவிட்டார். பத்து நாள் தவணை. திரும்பச் செய்ய வேண்டும், அவரும் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பார். அதிலும் பிழை வந்தால் அடுத்த வருடப் பிள்ளைகளோடுதான் பட்டம், அதுவும் பொய்க்காரி என்ற பெயரோடு. கொரோனாவும் பகிஷ்கரிப்பும் சேர்ந்து, நாலு வருடப் படிப்பு ஏற்கனவே ஆறு வருடமாகியிருந்தது.

என்னில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

“அண்ணா, நீங்க எல்லாரும் உண்மையா பால் குடிக்கிறனீங்களோ?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஐஸ் இயந்திரத்துக்குப் பின்னால் நடந்த பாடம் முழுவதையும் சொன்னேன். அவள் படிவக் கட்டை எடுத்து முதல் தாளைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, “நான் புள்ளியோ கேட்டனான் அண்ணா? சாப்பாட்டத்தானே கேட்டனான்” என்றாள். “இல்லையெண்டா இல்லையெண்டு எழுதுறதுக்குத்தான் நான் படிக்கிறன். இருக்கெண்டு எழுதினா, உங்களுக்கு ஒண்டும் தேவையில்லையெண்டுதானே எல்லாரும் நினைப்பினம்?”

ஏச்சு எனக்குப் புதிதில்லை. எத்தனையோ மேற்பார்வையாளர்களிடம் வாங்கியிருக்கிறேன். இந்த ஏச்சில் மட்டும் ஒரு சொல்லும் பிழையில்லை.

திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். செய்யப் போனபோதுதான் தெரிந்தது, பொய் சொல்ல ஆள் சேர்ப்பது லேசு, உண்மை சொல்ல ஆள் சேர்ப்பது கஷ்டம். படித்த பிள்ளைக்கு முன்னால் இருந்துகொண்டு, நேற்று இரவு வெறும் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றேன் என்று எவன் சொல்லுவான்? எங்கள் பக்கத்தில் சாப்பிட்டீர்களா என்று கேட்டால், பசி வயிற்றைக் கிள்ளினாலும் ஓம் என்றுதான் பதில் வரும். கேட்டவரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

அதனால் நானே முதலில் இருந்தேன். மண்டபத்தின் நடுவில் மீன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுக் குந்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். காலையில் கால் றாத்தல் பாண், சம்பல். பத்து மணிக்கு மீன் அடைத்த பணிஸ் ஒன்று. மத்தியானம் சோறு, பருப்பு, மீன் தலைக் குழம்பு. நல்ல மீனெல்லாம் லொறியில் கொழும்புக்குப் போய்விடும், எங்களுக்குத் தலைதான். இரவு மிச்சச் சோறும் ஒரு துண்டுக் கருவாடும். அவள் முகம் சுளிக்கவில்லை, பாவம் பார்க்கவும் இல்லை. நான் ஏதோ பெரிய அறிக்கை கொடுப்பதுபோல ஒவ்வொன்றையும் கவனமாக எழுதினாள்.

“பிளேன்ரீ எத்தின?” பால் விடாத வெறும் தேத்தண்ணியைத்தான் கேட்டாள்.

“எட்டு.”

“ஒண்டுக்கு சீனி எத்தின கரண்டி?”

“மூண்டு.”

கூட்டிப் பார்த்துச் சொன்னாள்: இருபத்து நாலு கரண்டி. மண்டபமே சிரித்தது. நானாவுக்குப் பொறுக்கவில்லை. “எட்டெல்லாம் ஒரு கணக்கா? என்ட பதினொண்டு. எழுதுங்க மகள்” என்று என்னைத் தள்ளிவிட்டுக் குந்தினார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. உண்மை சொல்வதில் ஒரு போட்டியே தொடங்கியது. ஒருவன் கூட்டியோ குறைத்தோ சொன்னால் பக்கத்தில் நிற்பவன் விடவில்லை. “டேய், ரெண்டு பணிஸ் திண்டனி, மற்றது எங்க?” என்று பிடித்தார்கள். ஒருவர் முட்டை என்று வாயெடுக்க, “அது போன கிழமை!” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மத்தியானச் சோறுதான் அவளைக் குழப்பியது. எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். வீட்டிலிருந்து வரும் சோறு, கடைப் பார்சல் எல்லாவற்றையும் மீன் பெட்டி மூடியில் தாள் விரித்து ஒன்றாகக் கொட்டிக் குழைத்துச் சாப்பிடுவோம். கொண்டுவராதவனும் அதில்தான். யார் எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் யோசித்துவிட்டு, ஒவ்வொருவரும் பத்துப் பிடி அள்ளித் தாளில் வைக்கச் சொன்னாள். அதைத் தராசில் போட்டு நிறை எடுத்து, பிறகு சாப்பிடும்போது பிடியை எண்ணினால் கணக்கு வந்துவிடும். சாப்பாடு நிறுக்க அவள் கொண்டுவந்த சின்னத் தராசு ஈரத்தில் நின்றுபோக, மீன் நிறுக்கும் தராசைக் கழுவித் துடைத்து எடுத்தோம். பார்த்துக்கொண்டிருந்த ஏலக்காரர், “என்னடா, சோத்துக்கும் ஏலம் போடப்போறியளோ?” என்றார். நானாவின் பத்துப் பிடி என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. எண்ணுகிறார்கள் என்றதும் வெட்கத்தில் அவர் மெதுவாகத் தின்னத் தொடங்க, அவள் அதட்டினாள்: “நானா, வழமையா எப்பிடியோ அப்பிடிச் சாப்பிடுங்கோ!”

எட்டாம் நாள் விரிவுரையாளர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் கதைக்காத ஒரு மிஸ். ஒருவரிடமும் சொல்லாமல் நேராக மண்டபத்துக்குள் வந்து, முதலில் எதிர்ப்பட்ட நானாவிடம், “நேற்றுக் காலையில என்ன சாப்பிட்டனீங்க?” என்று கேட்டார்.

நானா தலையைச் சொறிந்தார். “மிஸ், உண்மையச் சொல்லவோ, படிப்பிச்சதச் சொல்லவோ?”

எங்கள் எல்லாருக்கும் உயிர் போய்விட்டது. மிஸ் மெதுவாகத் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தார். அவள் முகம் வெளிறிப்போனது. என்னைக் காட்டிக்கொடுக்க நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே கையை நீட்டியிருக்கலாம். அவள் நீட்டவில்லை.

நான் முன்னால் போனேன். “படிப்பிச்சது நான், மிஸ். அவவுக்கு ஒண்டும் தெரியாது” என்று தொடங்கி, கல்விக் கந்தோர் அதிகாரிகள் வந்த கதையிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சொல்லி முடித்தபோது மிஸ்ஸின் உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாமல், கண்ணீர் வரச் சிரித்தார். தானும் சின்ன வயதில் அப்படி விடை பாடமாக்கியவர்தானாம்.

பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, பழைய படிவங்கள் எங்கே என்று கேட்டார். கிழித்துவிடாதே, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுது என்றார். எது நல்ல சாப்பாடு என்று இவர்களுக்குத் தெரியும் என்பதற்கு முதல் கட்டுச் சாட்சி. கையில் என்ன கிடைக்கிறது என்பதற்கு இரண்டாவது கட்டுச் சாட்சி. இதைவிட நல்ல ஆய்வு உனக்குக் கிடைக்காது என்று சொல்லிவிட்டு, நானாவிடம் ஒரு பிளேன்ரீ கேட்டு வாங்கிக் குடித்தார். சீனி குறைவாக.

சில மாதம் கழித்து, முடிவு வந்த அன்று, அவள் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல வகுப்பில் சித்தியடைந்திருந்தாள். அந்த மனிதர் எங்கள் ஒவ்வொருவருடைய கையையும் பிடித்துவிட்டுப் போனார். அவள் தன் ஆய்வைப் பிரித்து, எங்களைப் பற்றிய பக்கத்தை இங்கிலீசிலிருந்து தமிழில் சொல்லித் தந்தாள். சத்தத்தில் கேட்கவில்லை என்று ஒருவர் போய் ஐஸ் இயந்திரத்தை நிறுத்தினார். பகலில் அதை நிறுத்தியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பத்து மணிக்கு ஒரு பிளேன்ரீயைக் குறைத்து அவித்த கடலை ஒரு பிடி சாப்பிட வேண்டும் என்று அவள் எழுதியிருந்ததை, அடுத்த நாளே தேத்தண்ணிக் கடைக்காரர் செய்யத் தொடங்கினார். மற்றபடி எங்கள் சம்பளமோ பாரமோ மாறவில்லை.

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ படிவங்களில் என் பெயரை எழுதியிருக்கிறார்கள், ஆனால் என்னிடம் இல்லாததை வெட்கமில்லாமல் சொல்லவைத்து, அதை ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக்கொண்டது அந்தப் பிள்ளை ஒருத்திதான். ஒரு மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய மரியாதையில் அதுவும் ஒன்று என்று அவளிடம்தான் நான் படித்தேன்.