சாலையின் இடது பக்கம்

பதினேழாம் எண் பஸ் கடைசி நிறுத்தத்தில் திரும்பும்போது அதன் முன்பாதி நகரத்தை விட்டு வெளியே போய், மறுபடி உள்ளே வரும். நகர எல்லை அந்தச் சாலையின் நடுவில்தான் ஓடுகிறது. இடது பக்க வீடுகள் நகரத்துக்குள், வலது பக்க வீடுகள் வெளியே. இரண்டு பக்கமும் அதே வெயில், அதே தூசி, அதே கொசு. வாடகை மட்டும் இடது பக்கத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லைக் கோட்டைப் போட்ட புண்ணியவான் எந்தப் பக்கம் குடியிருந்தானோ தெரியவில்லை.

அந்த பஸ்ஸின் டிரைவர் இடது பக்கத்தில், ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருந்தார். அவர், மனைவி, பதினாறு வயது மகள், அடுப்பு, கட்டில் எல்லாம் அந்த ஒரே அறைக்குள். மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஊரார் படுக்கிற விரிப்புகளை மடித்து வைத்துவிட்டு வந்து, தன் பாயை விரிக்க இடம் தேடுவாள்.

இத்தனை பாடும் ஒரு வீட்டுக்காகத்தான். நகரத்துக்குள் பத்து வருஷம் விடாமல் குடியிருக்கும் தொழிலாளிக்கு வீட்டு வாரியம் வீடு தரும் என்று டிப்போவில் எல்லோரும் சொன்னார்கள். டிரைவரும் நம்பினார். வாடகை ஏற ஏற, மார்க்கெட் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூட நிறுத்தத்துக்கு, அங்கிருந்து தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்துக்கு என்று குடும்பமும் பஸ் போகிற வழியிலேயே தள்ளித் தள்ளிப் போய், கடைசி நிறுத்தத்தில் வந்து நின்றது. மார்க்கெட் பக்கத்து வீட்டைத் தாண்டும்போதெல்லாம் டிரைவர் ஒரு கணம் மாடியைப் பார்ப்பார். அவர் கட்டிய கொடியில் யாருடைய துணியோ காயும்.

மகள் ஆறு வயதில் அவரிடம் ஓர் அறை கேட்டிருந்தாள். கதவு வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். வாரிய வீடு வந்ததும் முதல் வேலை அதுதான் என்று டிரைவர் வாக்குக் கொடுத்தார். அதுவரை அவள் படிப்பு பஸ்ஸில் நடந்தது. சாயங்காலம் பள்ளிக்கூட நிறுத்தத்தில் ஏறி, மூன்றாவது இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இரண்டு நடை கூடவே வருவாள். வீட்டில் விளக்கைப் போட்டால் அம்மாவுக்குத் தூக்கம் கெடும், பஸ்ஸில் யாருக்கும் எதுவும் கெடாது. பரீட்சைக்கு பஸ்ஸையும் கூட்டிக்கொண்டு போ என்று கண்டக்டர் கேலி செய்வார். டிரைவரின் கண்ணாடியில் அவள் குனிந்த தலை தெரியும். அந்த இரண்டு நடைகளில் மட்டும் பள்ளங்களில் பஸ் பூப்போல இறங்கும். வண்டியைப் பழுது பார்த்துவிட்டார்கள் என்று பயணிகள் நினைத்துக்கொண்டார்கள்.

பத்து வருஷம் முடிய ஐந்து மாதம் இருந்தபோது, எதிர்ப்பக்கம் ஒரு வீட்டில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. மாடி அறைக்குக் கொடுக்கிற அதே வாடகைக்கு அங்கே இரண்டு அறை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அதற்குப் பிறகு அவள் துணி காயப்போட மாடி விளிம்புக்குப் போனால் லேசில் திரும்ப மாட்டாள். கட்டிலை எங்கே போடுவது, அடுப்பை எங்கே வைப்பது என்று கண்ணாலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

பத்து வருஷம் முடிந்த மறுநாள் மூன்று பேரும் சலவைத் துணியும் புதுச் செருப்புமாக வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரியம்மா நல்ல மாதிரிதான். ஒவ்வொரு காகிதமாகப் பார்த்து, சிரித்த முகத்தோடு முத்திரை குத்தினார். இன்றைக்குத்தான் வரிசையில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறது, வீடு வர இன்னும் எட்டொன்பது வருஷம் ஆகும், அதுவரை நகரத்தை விட்டு வெளியே குடிபோனால் பெயர் அடிபட்டுவிடும் என்றார். அந்தப் பத்து வருஷம் வீட்டுக்கு அல்ல, வரிசையில் நிற்பதற்கு. டிப்போவில் ஒருத்தருக்குக்கூட இது தெரியாதா, நாமாவது ஒரு தடவை வந்து கேட்டிருக்கக் கூடாதா என்று டிரைவர் தன்னையே நொந்துகொண்டார்.

படி இறங்கும்போது மகள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "அப்ப எனக்கு இருபத்தஞ்சு ஆயிடும்பா. அதுக்கப்புறம் அந்த ரூம் எனக்கு எதுக்கு?"

மூன்று நாள் டிரைவர் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். நாலாம் நாள், கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, சாலையைக் கடந்து போய் எதிர்வீட்டுக்காரரிடம் வருகிறோம் என்று சொல்லிவிட்டார். பலகையைத் தானே கழற்றிக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும், ஐந்து மாதமாக அந்த வீட்டைப் பார்த்துப் பார்த்து ஏங்கிய மனைவி அழுதாள்.

"பேரு போயிடுமேங்க."

"போகட்டும். அவளும் போயிடுவா, கொஞ்ச நாள்ல."

சாலையைக் கடக்கப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். கட்டில் குறுக்கே போவதற்காக அடுத்து வந்த பஸ்ஸின் டிரைவர் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, வெளியூருக்கா?" என்றார். டிரைவரும் சிரித்தார். நடுச்சாலையில் மட்டும் கால் கொஞ்சம் தயங்கியது.

அன்று மாலை மகள் புத்தகங்களை அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் பத்து வருஷம் காத்திருந்தார்.

"இனிமே அவ பஸ்ல உக்காந்து படிக்க மாட்டா, இல்ல?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அங்க எதுக்குப் படிக்கணும்? அதான் ரூம் இருக்கே."

மறுநாள் சாயங்காலம் மகள் எல்லோரையும் போல ஏறி, கடைசி நிறுத்தத்தில் எல்லோரையும் போல இறங்கிப் போனாள். டிரைவர் பஸ்ஸைத் திருப்பினார். கண்ணாடியில் மூன்றாவது இருக்கை காலியாகத் தெரிந்தது. தண்ணீர்த்தொட்டிப் பக்கத்துப் பள்ளம் வந்தபோது வண்டியை மெதுவாகவே இறக்கினார்.